இரும்பு மல்லரும் பெற்ற மகனும்

இயந்திரங்கள் ஒன்றையொன்று அடித்து நொறுக்கும் காட்சியில் கல்லூரி மாணவர் கற்கத்தக்கது யாதுளது என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. 2011-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அமெரிக்க நாட்டில் வெளிவந்த ‘ரியல் ஸ்டீல்’ என்னும் படத்தைப் பற்றி இம்மலரில் எழுதப் புகுந்த நாமும் அவ்வினாவை நமக்கே விடுத்துப் பார்த்தோம். அஃது உலகத்தைத் திருத்த வந்த படமன்று. மக்களின் பொழுதுபோக்கிற்கெனப் பெரும்பொருள் செலவிட்டு எடுக்கப்பட்டது. ஆயினும், பெற்ற மகனை விலை கூறி விற்ற தந்தை ஒருவன் அவனை மீண்டும் பெறுதற்கு வழி யாது என்னும் கேள்வியை அது நம்முன் வைக்கின்றது. வைத்து, பணத்தாலும் அன்று, வெற்றியாலும் அன்று என விடையும் இறுக்கின்றது. அவ்விடை எத்துணை மெய்யுடைத்து, எவ்விடத்துக் குறையுடைத்து என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுவது.

கதையை அறியாதார் பொருட்டு முதற்கண் அதனைச் சுருங்கக் கூறுவோம். சார்லி கென்டன் என்பான் ஒரு காலத்தில் தானே கோதாவில் நின்று பொருத குத்துச்சண்டை வீரன். மனிதரோடு மனிதர் பொரும் சண்டை வழக்கொழிந்து, இரும்பினாலாகிய இயந்திர மல்லர் அவ்விடத்தைக் கைப்பற்றிய பின்னர், அவன் பழைய இயந்திரங்களை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்து, பந்தயம் கட்டியும் கடன்பட்டும் காலங்கழிக்கின்றான். அவனோடு முன்னர் வாழ்ந்து பிரிந்த பெண் இறந்துபடவே, அவள் வயிற்றிற் பிறந்த பதினொரு வயதுச் சிறுவன் மாக்ஸ் சட்டப்படி தந்தையின் பொறுப்பாகின்றான். இறந்தவளின் உடன்பிறந்தாளாகிய டெப்ரா சிறுவனைத் தானே வளர்க்க விரும்புகின்றாள். அவள் கணவன் மார்வின் பெருஞ்செல்வன். சார்லி மார்வினைத் தனியே கண்டு, ஒரு லட்சம் டாலர் கொடுப்பின் மகன்மீது தனக்குள்ள உரிமையை விட்டுக்கொடுப்பதாகப் பேரம் பேசுகின்றான். பாதித்தொகை முன்பணம். கணவனும் மனைவியும் வெளிநாட்டுப் பயணம் சென்று மீளும்வரை, அக்கோடைக்காலம் முழுதும் சிறுவனைச் சார்லி தன்னோடு வைத்துக்கொள்ளல் வேண்டும். சந்தையில் மாடு பிடிப்பவன்கூட அதன் சுழியையும் பல்லையும் பார்த்த பின்னரே விலை பேசுவான்; இவனோ மகனின் முகத்தை நன்கு பாராமலே பேரத்தை முடித்துவிடுகின்றான்.

முன்பணத்தைக் கொண்டு ‘நாய்ஸி பாய்’ என்னும் பெயர் பெற்ற ஓர் இயந்திர மல்லனை வாங்குகின்றான். அது ஜப்பானிய மொழியில் இடும் கட்டளைக்கு இயங்குவது. அம்மொழிச் சொற்களைச் சிறுவன் அறிவான், தந்தை அறியான். சிறிய சண்டையில் தொடங்கிப் பழகலாம் என்று சொன்னவர் சொல்லைக் கேளாது, அதனினும் வலிய ‘மைடாஸ்’ என்னும் இயந்திரத்தோடு முதல் நாளே மோதவிட்டு, விலைகொடுத்து வாங்கியதைச் சிதைய விடுகின்றான். மகனை விற்ற காசு ஓர் இரவில் இரும்புக் குப்பையாயிற்று.

அதன்பின், உதிரி உறுப்புகளைத் திருடுவதற்காகத் தந்தையும் மகனும் மழை பெய்யும் இரவொன்றில் ஒரு பழைய இரும்புக் கிடங்கினுள் நுழைகின்றனர். சிறுவன் சரிவில் வழுக்கிப் பாதாளத்தில் வீழவிருந்த வேளையில், மண்ணிற் புதைந்து கிடந்த ஓர் இயந்திரத்தின் கை அவனைத் தாங்கிக்கொள்கின்றது. தந்தை உதவாது விடவே, சிறுவன் தனியனாய் அதனைத் தோண்டி எடுக்கின்றான். அதன் பெயர் ஆட்டம். அணு என்பது பொருள். (நம் எழுத்தில் எழுதுங்கால் அப்பெயர் வேறொரு பொருளும் தருகின்றது. பின்னர்ச் சண்டைக்கு முன்பு அவ்வியந்திரம் சிறுவனோடு சேர்ந்து நடனமாடிக் கூட்டத்தை மகிழ்விக்கின்றமையால், அப்பொருளும் பொருந்துவதே.) ஆட்டம் பழைய மாதிரியைச் சேர்ந்தது, பிற மல்லர் பழகுதற்பொருட்டு அடி வாங்குவதற்கென்றே செய்யப்பட்டது. அடிப்பதற்குரிய வலிமை அதனிடத்துப் பெரிதாக இல்லை. ஆனால் எதிரே நிற்பவன் அசைவதைக் கண்டு நிழல்போல் தானும் அவ்வாறே அசையும் இயல்பு அதற்குண்டு.

படத்தின் உயிர்நிலை இவ்வியல்பிலே உள்ளது என்பது நமது துணிபு. சார்லி தன் பழைய கலையை ஆட்டத்திற்குக் கற்பிக்க வேண்டுமென்று சிறுவன் வற்புறுத்துகின்றான். தந்தை கைகளை உயர்த்தித் தாக்குதலும் விலகுதலும் செய்ய, இயந்திரம் எதிரில் நின்று அவற்றைச் செய்கின்றது. அவ்விருவரையும் சிறுவன் பார்த்து நிற்கின்றான். பார்த்துச் செய்யும் இயந்திரம் ஒன்றென்று கதை கூறினும், அவ்விடத்தில் இரண்டு உள்ளன என்று நாம் கூறுவோம். சிறுவனும் தந்தையைப் பார்த்தே ஒவ்வொன்றையும் எடுத்துக்கொள்கின்றான். அவனுடைய பிடிவாதம், பந்தயத்தில் அஞ்சாமை, எதிரியை அழைத்து அறைகூவும் வாய்த்துடுக்கு இவையாவும் சார்லியினுடையவே. உலகத்து முதன்மை மல்லனாகிய ‘ஜியஸ்’ என்பதைப் பெருங்கூட்டத்தின் நடுவே ஒலிபெருக்கியில் அறைகூவுபவன் தந்தையல்லன், மகனே. நல்லதையும் தீயதையும் பிள்ளை வேறுபடுத்தி வாங்குவதில்லை. தந்தை ஒருவன் கற்பிக்கின்றேன் என்று நினைத்துக் கற்பிப்பவை சில. நினையாமலே கற்பித்துவிடுபவை பல.

ஆட்டம் என்னும் இயந்திரத்திற்கு உணர்வு உண்டோ இல்லையோ என்பதைப் படம் கூறாமல் விடுகின்றது. ஒரு காட்சியில் அது நிலைக்கண்ணாடியின்முன் நின்று தன் உருவத்தைத் தானே நோக்குவதுபோல் காட்டிவிட்டு, அப்பால் அதனைப் பற்றி வாய் திறவாது செல்கின்றனர். இஃது ஒரு குறை என்று கூறுவார் உளர். நாம் அவ்வாறு கருதோம். இயந்திரத்திற்கு மனம் உண்டு எனக் கொள்வோமாயின், கோதாவில் நிகழும் பெருமிதம் அனைத்தும் அதற்கே உரியதாகிவிடும். தந்தையும் மகனும் வெறும் காவற்காரராய் நிற்பர். மனம் இல்லாத ஒன்றின்வழியே இரு மனங்கள் ஒன்றையொன்று நோக்குவதுதானே இக்கதை. ஆதலின் அவ்வையத்தை ஐயமாகவே விட்டது இயக்குநர் ஷான் லெவியின் நல்லறிவு என்போம்.

நிற்க. இக்கதைக்கு மூலமாய் அமைந்தது ரிச்சர்ட் மாத்திஸன் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1956-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஸ்டீல்’ என்னும் சிறுகதை. 1963-ஆம் ஆண்டில் ‘தி ட்விலைட் ஸோன்’ என்னும் தொலைக்காட்சி வரிசையில் லீ மார்வின் நடிக்க அது நாடகமாகவும் காட்டப்பட்டது. மூலக்கதையில் மகன் என்று ஒருவன் இல்லை. கெல்லி என்னும் பழைய குத்துச்சண்டை வீரனும் அவனுடைய இயந்திர நுட்பனும் ஒரு பழைய இயந்திர மல்லனை இழுத்துக்கொண்டு ஊர் ஊராய்ச் செல்கின்றனர். சண்டைக்குச் சற்று முன்பு இயந்திரம் பழுதாகிவிடுகின்றது. பணமின்றி அதனைச் செப்பனிட இயலாது. சண்டையின்றிப் பணம் கிடையாது. கெல்லி தானே இயந்திரம்போல் வேடம்புனைந்து கோதாவில் ஏறிப் புதிய மாதிரி இயந்திரம் ஒன்றினால் நசுக்கப்படுகின்றான். முதற்சுற்றிலேயே வீழ்ந்தமையால் பேசிய கூலியில் பாதியே தருகின்றனர். பார்த்தவர்கள் அவனை மனிதன் என அறிந்திலர். மட்டமான இயந்திரம் என்று எள்ளி நகைத்துச் சென்றனர்.

மூலக்கதையில் மனிதன் இயந்திரத்தின் தோற்றத்துள் மறைகின்றான். படத்தில் மனிதனுடைய அசைவு இயந்திரத்தின் உடலில் வெளிப்படுகின்றது. முன்னதில் கெல்லியின் தீரத்தைக் காண்பார் ஒருவரும் இல்லை. பின்னதில் காண்பதற்கு ஒரு சிறுவன் இருக்கின்றான். மாத்திஸனின் கதை படத்தைக் காட்டிலும் கடுமையானது. இலக்கியமாக நோக்கின் உயர்ந்ததும் அதுவே. ஆயினும் அக்கதையோடு ஒரு மகனைச் சேர்த்தமையால் அதன் கேள்வி மாறிவிட்டது. வேலை பறிபோன மனிதன் எவ்வாறு வயிறு வளர்ப்பான் என்று மாத்திஸன் கேட்டார். வேலையும் மதிப்பும் போன தந்தைக்கு மகனிடம் கொடுப்பதற்கு இன்னும் என்ன எஞ்சியிருக்கின்றது என்று இப்படம் கேட்கின்றது.

மற்றொரு வேறுபாட்டையும் இங்குக் குறித்தல் தகும். பழைய கதையில் மனிதரின் குத்துச்சண்டை சட்டத்தினால் தடுக்கப்பட்டது; மனிதன் மனிதனை அடித்தல் கொடுமை என்று உலகம் எண்ணியமையால் இயந்திரங்கள் வந்தன. 2011-ஆம் ஆண்டுப் படத்திலோ காரணம் நேர்மாறானது. மக்கள் மேலும் மேலும் அழிவைக் காண விரும்பினர். கை முறிவதும் தலை தெறிப்பதும் மனித உடலினால் ஆகா. ஆகவே மனிதர் விலகி இயந்திரங்கள் புகுந்தன என்று சார்லியே கூறுகின்றான். இரக்கத்தினால் வந்த இயந்திரம் ஒன்று. வெறியினால் வந்த இயந்திரம் மற்றொன்று. இவ்விரண்டினுள் எது உலகியலோடு ஒத்தது என்பதைப் படிப்பவரே முடிவு செய்க. இத்தனை ஆழமான சொல்லைப் பாத்திரத்தின் வாயில் வைத்த படம், பின்னர் அதனை மறந்து, அவ்வெறிக்கே தானும் விருந்து படைக்கின்றது என்பதே நமது வருத்தம். எண்ணெய் குருதிபோல் சிந்துவதும், துண்டிக்கப்பட்ட இரும்புத்தலை உருள்வதும் பார்ப்பவர் ஆரவாரிப்பதற்கென்றே அமைக்கப்பட்டுள்ளன. படத்தின் தொடக்கத்தில் நாட்டுப்புறச் சந்தை ஒன்றில் சார்லியின் ‘அம்புஷ்’ என்னும் இயந்திரம் உயிருள்ள காளையொன்றோடு மோதுகின்றது. காளை வென்று இயந்திரம் உடைந்தது; நாமும் மகிழ்ந்தோம். ஆயினும் அடிபட்டால் நோவு அறியும் உயிர் ஒன்றினை இரும்போடு மோதவிட்டது பற்றிப் படத்தில் எவரும் ஒரு சொல்லும் உரைத்திலர்.

இயந்திர மனிதனைக் குறிக்கும் ‘ரோபோ’ என்னும் சொல், செக் நாட்டு நாடகாசிரியர் காரெல் சாப்பெக் 1920-ஆம் ஆண்டில் வெளியிட்ட நாடகம் ஒன்றினால் உலகிற்கு வந்தது. செக் மொழியில் அதன் வேர்ச்சொல், ஆண்டைக்குக் கூலியின்றிச் செய்யும் கட்டாய ஊழியத்தைக் குறிப்பது. நம் பழைய சாசனங்களில் ‘வெட்டி’ என்று வருவதும் ஏறக்குறைய அதுவே. அவ்வூழியத்தை இரும்பின் தோளில் ஏற்றினால் மனிதன் விடுதலை பெறுவான் என்று ஒரு சாரார் நம்பினர். படத்தில் அவ்விடுதலை பெற்றவன் சார்லி. அவன் பெற்ற விடுதலையாவது வேலையின்மை. இப்படத்தின் காட்சிகள் பல, மிச்சிகன் மாநிலத்து டெட்ராய்ட் நகரில் எடுக்கப்பட்டன. மோட்டார் வண்டித் தொழிலால் எழுந்து, அத்தொழில் தளர்ந்தமையால் பாழடைந்து, 2013-ஆம் ஆண்டில் கடன்தீர்க்க வழியின்றித் திவாலான நகரம் அது. 1937 முதல் 1949 வரை உலகக் குத்துச்சண்டை முதல்வனாய் விளங்கிய ஜோ லூயி வளர்ந்த ஊரும் அதுவே. அவன் நினைவாக 1986-ஆம் ஆண்டில் நிறுவிய 24 அடி நீளமுள்ள கையொன்று, முட்டியை மடக்கியபடி அந்நகரின் நடுவில் தொங்குகின்றது. உடலில்லாத அக்கையைக் கண்டவர்க்கு, சார்லியின் கதையும் அந்நகரின் கதையும் ஒன்றென்று தோன்றுமாயின் அது வியப்பன்று.

கதையில் 2020-ஆம் ஆண்டென்று குறித்த காலம் நம்மைக் கடந்து சென்றுவிட்டது. அவ்வாண்டில் இயந்திர மல்லர் வந்திலர், கொள்ளைநோய் வந்தது, விளையாட்டரங்குகள் ஆளின்றிக் கிடந்தன. 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் சீனத்து ஹாங்சௌ நகரில் மனித வடிவுடைய இயந்திரங்கள் கையுறை பூண்டு குத்துச்சண்டை செய்தன. அவை சிறுவர் உயரமே உள்ளவை. கோதாவின் புறத்தே நின்ற மனிதர் செலுத்தியபடி இயங்கினவை. ஆகவே கற்பனை முழுதும் பொய்யென்று சொல்வதற்கில்லை. படத்தில் வரும் ஆட்டமும் ஏழடிக்கு மேற்பட்ட உயரத்தில் மெய்யாகவே ஓர் உருவமாய்ச் செய்து நிறுத்தப்பட்டது. சண்டைக் காட்சிகளில் மட்டும் மனிதரின் அசைவைப் பதிவு செய்து கணினியால் உருவேற்றினர். குத்துச்சண்டையில் பெரும்புகழ் கொண்ட ஷுகர் ரே லெனர்ட் என்பார் அவ்வசைவுகளுக்கு ஆலோசகராய் இருந்தார். காட்சி நுட்பத்திற்காக 2012-ஆம் ஆண்டு ஆஸ்கர் பரிசுக்கு இப்படம் முன்மொழியப்பட்டது, பரிசு கிட்டிற்றில்லை. ஹியூ ஜாக்மன் தந்தையாகவும் டக்கோட்டா கோயோ என்னும் சிறுவன் மகனாகவும் நடித்தனர். எதிரே மெய்யான இரும்புருவம் ஒன்று நின்றமையாலோ என்னவோ, சிறுவன் அதன் முகத்தை நோக்கும்போது அப்பார்வையில் நடிப்பு என்பதே தோன்றவில்லை.

குத்துச்சண்டை வீரனாகிய தந்தையையும் அவனை விடாது பற்றும் மகனையும் வைத்துக் கதை சொல்லுதல் திரையுலகிற்குப் புதிதன்று. 1931-ஆம் ஆண்டில் கிங் விடார் இயக்கிய ‘தி சாம்ப்’ என்னும் படத்திலும், குடியாலும் சூதாலும் கெட்ட பழைய வீரன் ஒருவனும், அவனே உலகம் என்று நம்பிய சிறுவனும் வருகின்றனர். செல்வனொருவனை மணந்த தாய் அச்சிறுவனைக் கேட்கின்றாள். வால்லஸ் பீரி நடித்த அத்தந்தை இறுதியில் மகன்பொருட்டுக் கோதாவில் ஏறி, எதிரியை வென்று, வென்றவுடனே உயிர் துறக்கின்றான். இரண்டிற்கும் உள்ள ஒற்றுமை வெளிப்படை. முடிவில்தான் இரண்டும் பிரிகின்றன. அங்கே தந்தை வென்று மாய்ந்தான். இங்கே தோற்று வாழ்கின்றான். பார்ப்பவரை அழவைத்தல் ஒன்றே கருத்தாயின் முன்னதே சிறந்தது. ஆனால் ஒருமுறை மகனுக்காக உயிர் கொடுத்தல் எத்துணைப் பெரிதாயினும், அதன் மறுநாள் காலையில் அச்சிறுவனுக்குத் தந்தை இல்லை. தோற்ற பின்னும் வீடு திரும்பி, அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் உடனிருப்பவனையே பிள்ளைகள் வேண்டுகின்றனர். ஆகையால் சார்லியைச் சாகவிடாத இப்படம் நம் உள்ளத்திற்கு உகந்ததாயிற்று.

மகன் வேண்டுவது யாது என்பதை அவனே ஓரிடத்தில் தந்தையிடம் கூறிவிடுகின்றான். பழைய கடனுக்காக ரிக்கி என்பான் ஆட்களோடு வந்து சார்லியை மகன் கண்முன்னே அடித்து வீழ்த்திப் பணத்தைப் பறித்துச் செல்கின்றான். தன்னோடு இருப்பதனால் மகனுக்குக் கேடே விளையும் என்று எண்ணிய சார்லி, அவனை டெப்ராவிடம் ஒப்படைக்க முற்படுகின்றான். அப்போது சிறுவன், தனக்காகத் தந்தை போராட வேண்டும் என்பதன்றித் தான் வேறொன்றும் விரும்பியதில்லை என்று குமுறுகின்றான். அவன் பரிசுப் பணம் கேட்டானல்லன். தன்னை விற்ற காசைத் திருப்பித் தரும்படியும் கேட்டானல்லன். சார்லி கூறிய காரணமோ கேட்பதற்கு நன்றாயிருக்கின்றது: பிள்ளையின் நன்மைக்காகவே விலகுகின்றேன் என்கிறான். கடமையிலிருந்து நழுவுவார் பலர் இவ்வாடையையே உடுத்திக்கொள்வர். முதன்முறை பணத்திற்காக மகனைக் கொடுத்தான். இரண்டாம்முறை தியாகம் என்னும் பெயரால் கொடுத்தான். சிறுவன் கண்ணில் இரண்டும் ஒன்றே. நம் கண்ணிலும் ஒன்றே.

நமது கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று பிள்ளைகளைப் பெற்றவராய்ப் பல தேசங்களிலும் பரவியிருக்கின்றனர். விடுதியில் தங்கிக் கற்கும் இளைஞர் பலருடைய தந்தையர் கடல்கடந்த நாடுகளில் உழைத்து மாதந்தோறும் பணம் அனுப்புகின்றனர். அவர்களைச் சார்லியோடு ஒப்பிடுதல் பெரும் அநீதி. சார்லி மகனைக் கொடுத்துப் பணம் பெற்றான். இவர்களோ தம் உடலை வருத்திப் பணம் ஈட்டி மகனுக்குக் கொடுக்கின்றனர். ஆயினும் பணம் சேர்ந்துவிட்டமையால் தாமும் சேர்ந்துவிட்டதாக எண்ணிக்கொள்ளும் மயக்கம் நல்லோரையும் பற்றக்கூடியதே. விடுமுறையில் ஒரு வாரம் வந்து சென்ற தந்தை என்ன பொருள் வாங்கி வந்தார் என்பதைப் பிள்ளைகள் மறந்துவிடுவர். அவர் கிணற்றடியில் நின்று எவ்வாறு முகம் கழுவினார், அயல்வீட்டாரோடு எவ்வாறு பேசினார் என்பதை மறவார். ஆட்டம் என்னும் இரும்புருவம் சார்லியின் அசைவையன்றி அவன் பணப்பையைப் பார்த்துக் கற்கவில்லை.

இனிப் படத்தின் குறைகளுள் பெரிதென நாம் கருதுவதைக் கூறுவோம். சார்லி பெறும் மன்னிப்பு மிக எளிதிற் கிடைத்துவிடுகின்றது. கெட்ட குமாரன் திரும்பிய உவமையை நம் தேவாலயத்தில் பலமுறை கேட்டிருக்கின்றோம். இப்படத்தில் வழிதவறித் தூரதேசம் போனவன் தந்தை. வாசலில் நின்று காத்திருப்பவன் மகன். உவமை தலைகீழாய் நிற்பது அழகிய கற்பனையே. ஆனால் உவமையில் வரும் இளையவன், பன்றிகளுக்கிட்ட தவிட்டிற்கு ஏங்கிய பின்னரன்றோ எழுந்து நடந்தான்! சார்லி பட்ட துன்பமெல்லாம் கடன்காரரால் பட்டது. மகனை விற்றமைக்காகப் பட்டதன்று. மேலும் இறந்துபோன தாயைப் பற்றித் தந்தையும் மகனும் மனமொத்துப் பேசி அழும் காட்சி ஒன்றும் கதையில் தக்கவாறு அமையவில்லை. அத்தாயே அச்சிறுவனைத் தனியாய்ப் பதினொரு ஆண்டு வளர்த்து, அவனுடைய துணிவிற்கும் அன்பிற்கும் வித்திட்டவள். டெப்ராவும் தீயவள் அல்லள். தன் உடன்பிறந்தாளின் பிள்ளைக்கு வீடு கொடுக்க முன்வந்தவள். படமோ அவளை இடையூறு செய்பவள்போல் காட்டிவிட்டு, வேண்டும்போது இரங்கச் செய்கின்றது. சார்லியின் குருவின் மகளாகிய பெய்லி, பழைய பயிற்சிக்கூடத்தைக் கட்டிக்காத்து அவனுக்கு உணவும் கடனும் கொடுக்கின்றாள். அவளுடைய பொறுமைக்குக் கதை தரும் கூலி ஒரு புன்னகை. ஆண்களின் ஒப்புரவு கூடுவதற்குப் பெண்கள் வழிவிட்டு நிற்றல் வேண்டும் என்னும் பழைய வழக்கத்தினின்று இப்படமும் விலகவில்லை. வணிகப் பொருள்களின் பெயர்ப்பலகைகள் திரையெங்கும் மின்னுவதைப் பற்றியும் எழுதலாம்; ஆனால் அது கண்ணுக்கு நோவேயன்றிக் கதைக்கு நோவன்று.

இக்குறைகளையெல்லாம் கண்டபின்னும் இறுதிச் சண்டை நம்மை வென்றுவிடுகின்றது. சார்லி டெப்ராவின் வீட்டிற்குச் சென்று மகனிடம் பிழைபொறுக்க வேண்டி, ஓர் இரவு மட்டும் அவனைத் தன்னோடு அனுப்புமாறு கேட்கின்றான். ஜியஸ் பெரும்பொருளாலும் பேரறிவாலும் உருவாக்கப்பட்டது; டாக் மாஷிடோ என்னும் நுட்பன் அதனைப் படைத்தவன்; அதனை வென்ற இயந்திரம் அதுவரை இல்லை. அத்தகைய ஜியஸின் அடியினால் ஆட்டத்தின் கேட்கும் கருவி பழுதாகிவிடுகின்றது. வாய்க்கட்டளை இனிச் செல்லாது. நிழல்போல் பார்த்துச் செய்யும் இயல்பு ஒன்றே எஞ்சியுள்ளது. சார்லி கோதாவின் விளிம்பிற்கு வந்து, இயந்திரத்தின் கண்ணிற்குப் படும்படி நின்று, தன் பழைய கைகளை மீண்டும் உயர்த்துகின்றான். அவன் வெற்றுவெளியைக் குத்துகின்றான். உள்ளே ஆட்டம் ஜியஸைக் குத்துகின்றது. கூட்டத்தின் கண்கள் இரும்பின்மேல் நிற்க, மாக்ஸ் மட்டும் இயந்திரத்தை விட்டுத் தந்தையைப் பார்க்கின்றான். வியர்வை வழிய, வயது முதிர்ந்த உடல் தள்ளாட, எதிரி இல்லாத இடத்தில் போர்செய்யும் அம்மனிதனை, அவன் முன்பின் கண்டிராத ஒருவனைப்போல் நோக்குகின்றான். தனக்காகப் போராட வேண்டும் என்று கேட்டவன் அதனைத் தன் கண்ணாற் காண்கின்றான். அந்நேரத்தில் அவனுக்கு ஜியஸ் விழுந்தால் என்ன, எழுந்தால் என்ன!

ஜியஸ் தோற்கவில்லை. நடுவர் மதிப்பெண்களைக் கூட்டி, சிறு வேறுபாட்டில் வெற்றி அதற்கே என்று தீர்ப்பளிக்கின்றனர். தாவீது கோலியாத்தை வீழ்த்திய கதையை எதிர்பார்த்திருந்தவர் ஏமாற்றமுறலாம். கதையாசிரியர் விரும்பியிருப்பின் ஆட்டத்திற்கு வெற்றியை வழங்குதல் எளிது. பார்ப்பவரும் அதனையே வேண்டி நின்றனர். வழங்காது விட்டமையால், மகன் பெற்றது பரிசுக் கோப்பையன்று என்பது எவர்க்கும் தெளிவாகிவிட்டது. மக்கள் ஆட்டத்தின் பெயரைச் சொல்லி ஆர்ப்பரிக்க, சார்லி மகனைத் தூக்கி அணைத்துக்கொண்டு ஏதோ சொல்லத் தொடங்கி, சொல் வராமல் தடுமாறுகின்றான். அவன் சொல்ல வந்தது இன்னதென்று தனக்குத் தெரியும் என்றும், அவ்விரகசியத்தைத் தான் காத்துக்கொள்வதாகவும் சிறுவன் கூறி அவன் வாயை அடைத்துவிடுகின்றான். ஒரு லட்சம் டாலருக்குப் பேசிய அவ்வொப்பந்தம் பின்னர் என்னவாயிற்று, சிறுவன் அன்றிரவு எவர் வீட்டில் உறங்கினான் என்பவற்றைப் படம் சொல்லவில்லை. டெப்ரா கூட்டத்தின் நடுவே நின்று கைகொட்டிக்கொண்டிருக்கின்றாள்.